ஈரப்பதம்

அர்த்தநாரி சார் பொய் சொன்னதே இல்லை.
இதை முதலில் எழுதிவிடுகிறேன்.
பின்னால் யாரும் என்னைப் புளுகி என்று சொல்லக்கூடாது.

அவர் பாதி வாக்கியம்தான் சொல்வார்.
மீதியை நாங்களே சொல்லிக்கொள்வோம்.

செவ்வாய்ப்பேட்டைக்கு இரண்டு தெரு தள்ளி
எங்கள் ஜவ்வரிசி ஆய்வுக்கூடம்.
ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து
மாதிரிப் பொட்டலங்கள் வரும்.
நான் ஈரம் பார்ப்பேன்.
மெஹருன் வெண்மை பார்ப்பாள்.
இரண்டுமே எந்திரம் சொல்கிற வேலை.
ஆனால் எந்திரத்துக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள்,
ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி,
"இது எண்பத்தி மூணு."

எண்பத்து மூன்றுதான் வரும்.

ஒருநாள் பெரிய மேனேஜர் நின்று பார்த்தார்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.
என் கைகள் மட்டும்
கொஞ்சம் தாமதமாக ஒன்றையொன்று தொட்டன.
அதை அர்த்தநாரி சார் பார்த்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் மேசைக்குத் தட்டுவடை செட் வந்தது.
காரச் சட்னி தூக்கலாக, பீட்ரூட் இல்லாமல்.
எனக்கு இப்படித்தான் பிடிக்கும் என்று
வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.
"உன் சர்வீசுக்கு, உன் பொறுமைக்கு..." என்றார்.
நிறுத்தினார்.
கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

பழைய பஸ் ஸ்டாண்டில்
அயோத்தியாபட்டணம் வண்டிக்கு நின்ற நாற்பது நிமிடத்தில்
அந்த வாக்கியத்தை முடித்தேன்.
ஒருதரம் அல்ல, ஆறேழு விதமாக.

அடுத்த வாரம்,
"கோயமுத்தூர் ட்ரெய்னிங்குக்கு ஒருத்தர்தானாம்.
நான் உன் பேரைத்தான்... சரி விடு.
நான் சொன்னதாச் சொல்லாதே."

யாரிடம் சொல்வேன்?
சொல்லாமல் வைத்திருந்தது
பொட்டலத்துக்குள் போன ஆவிபோல
உள்ளே எதையோ நமுக்க வைத்தது.
அவள் தைத்துப் போட்டுவந்த ரவிக்கையின் முதுகுப்பட்டி,
டிபன் மூடியைத் திறக்கும்போது அவள் சிரிப்பு,
என்னிடம் பேனா கேட்கும் உரிமை,
எல்லாம் எரிந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கப் போனேன்.
மேனேஜர் அறையில் மின்விசிறி மெல்லச் சுற்றியது.
"மெஹருன் எப்படி?" என்று சும்மாதான் கேட்டார்.
"நல்ல பொண்ணு சார். கண்ணாலே பார்த்தே..." என்றேன்.
நிறுத்தினேன்.
துப்பட்டா முனையில் விரல்களைத் துடைத்தேன்.
ஒவ்வொன்றாக.

மீதியை அவர் முடித்துக்கொண்டார்.
எந்திரத்தில் போடாமலே எழுதுகிறாளா என்று மெமோ வந்தது.
பழைய நோட்டுகளை எல்லாம் கட்டி எடுத்துப் போனார்கள்.
அன்று நான் குறித்த ஈரப்பதம் அத்தனையும்
சரியாக இருந்தது.

மே மாதம் ஏற்காட்டுக்கு ஸ்டாஃப் டூர்.
வேனில் மெஹருன் பக்கத்து இருக்கை காலி.
முதலில் ஏறியவர்கள் பையை வைத்தார்கள்,
அப்புறம் ஏறியவர்கள் பையை மதித்தார்கள்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.
முன் இருக்கையிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டது,
நகத்தால் கீறிய எலுமிச்சம்பழத்தோடு.
"மூக்குகிட்ட வெச்சுக்க."
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள்.
யாருக்கு என்று தெரிந்தா நீட்டினாள்?
இன்றுவரை கேட்கவில்லை.

ஏரியில் மிதி படகுகள்.
கரையில் மிளகாய் பஜ்ஜியோடு நின்றேன்.
புதிதாகச் சேர்ந்த ஓமலூர்ப் பையன் பரணியோடு
அர்த்தநாரி சார் நடு ஏரியில்.
என்னவோ சொன்னார். நிறுத்தினார்.
கைக்குட்டையை எடுத்தார்.
பரணி மிதிப்பதை விட்டுவிட்டு
மெதுவாகத் தலையைத் திருப்பி
கரையில் என்னைப் பார்த்தான்.

பஜ்ஜி ஆறும்வரை பார்த்தான்.

மெஹருன் ஜூனில் வேலையை விட்டாள்.
கோயமுத்தூருக்கு யாரும் போகவில்லை,
பட்ஜெட் இல்லையாம்.
இப்போது வெண்மையும் நான்தான் பார்க்கிறேன்.
எந்திரத்தில் போடுவதற்கு முன்னால்
சில நாள், யாரும் இல்லாதபோது,
ஜன்னல் பக்கம் உள்ளங்கையை நீட்டுகிறேன்.
எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.